ஓய்வெடுத்தால் கூடும் முதுகுவலி: போரின் மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள்

முதுகுவலிக்குக் காரணம் சொல்ல எங்களிடம் பஞ்சமில்லை. பதுங்குகுழிக்குள் முடங்கிக் கிடந்தது, இடம்பெயர்வில் மூட்டைகளையும் பிள்ளைகளையும் சுமந்தது, முகாமில் வெறுந்தரையில் படுத்தது, உடலுக்குள் தங்கிவிட்ட செல் துண்டு. பெண்கள் என்றால் பிள்ளைப்பேற்றின்போது முதுகில் போட்ட ஊசி. இவற்றில் சில உண்மையான காரணங்களே. ஆனால் இந்தப் பட்டியலில் அடங்காத ஒரு முதுகுவலி உண்டு. பாரம் தூக்கியதால் வந்த வலி பெரும்பாலும் ஓய்வெடுத்தால் குறையும். இது ஓய்வெடுத்தால் கூடும், எழுந்து நடமாடினால் குறையும்.

இந்த நோயின் பெயர் அங்கிலோசிங் ஸ்பொண்டிலைடிஸ். முள்ளந்தண்டு அழற்சி வாதம் என்று சொல்லலாம். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் செயற்பாடு பிழைத்துப்போய், இடுப்பெலும்பும் முள்ளந்தண்டும் சேரும் மூட்டுகளில் அழற்சி தொடங்குகிறது. காலப்போக்கில் சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு விறைத்துக் கூனிவிடும். எக்ஸ்றேயில் அதை "மூங்கில் முள்ளந்தண்டு" என்றே வைத்தியர்கள் குறிப்பிடுவார்கள். எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுவுக்கு இதில் பெரிய பங்குண்டு. ஆனாலும் அந்த மரபணு உள்ள பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை.

எப்படி அடையாளம் காண்பது?

- 45 வயதுக்கு முன்னர் மெல்ல மெல்லத் தொடங்கி, 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி.
- காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு.
- பின்னிரவில் நித்திரையைக் குழப்பும் வலி.
- ஒருமுறை வலப் புட்டத்திலும் இன்னொருமுறை இடப் புட்டத்திலும் மாறி மாறி வலித்தல்.
- கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கமுடியாமற் போதல். இது வந்தால் அன்றே கண் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

இது ஆண்களின் நோய் என்ற எண்ணம் நீண்டகாலம் இருந்ததால், பெண்களில் கண்டுபிடிக்க இன்னும் தாமதமாகிறது.

எனக்கு 2010 இல், முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு தொடங்கியது. அப்போது வயது 21. "பங்கர் ஈரம் முதுகில ஏறீட்டுது பிள்ளை" என்றார் அம்மா. அயலிலும் அதே பேச்சுத்தான். பல்கலைக்கழக விரிவுரைகளில் அரை மணித்தியாலம் தொடர்ந்து இருக்கமுடியாமல் பின்வரிசைக்குப் பின்னால் எழுந்து நிற்பேன். காலையில் குனிந்து சப்பாத்துப் போட இன்னொருவர் வேண்டும். நோயின் பெயர் தெரியவர 2017 ஆகிவிட்டது. பல நாடுகளிலும் இந்தத் தாமதம் வருடக்கணக்கில்தான் இருக்கிறது. போர் நடந்த இடத்தில் காரணம் முன்கூட்டியே தயாராக இருப்பதால், வேறு காரணத்தைத் தேட எவருக்கும் தோன்றுவதில்லை.

உடற்பயிற்சியும் சிகிச்சைதான்

1994 இல் இங்கிலாந்தின் பாத் நகரில் இந்த நோயை அளவிட 6 கேள்விகள் கொண்ட முறையொன்று உருவாக்கப்பட்டது. அதில் முதற்கேள்வி வலியைப் பற்றியதல்ல, களைப்பைப் பற்றியது. நித்திரை, வேலை, வீட்டுக் காரியம், மனநிலை எல்லாவற்றையும் இந்த நோய் அரித்துவிடுவதை நோயாளர் அறிவர். பயிற்சியின் பயனையும் வலி குறைந்ததா என்று மட்டும் பார்க்காமல், இவற்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

கொக்ரேன் அமைப்பு 2019 இல் 14 ஆய்வுகளை, மொத்தம் 1579 நோயாளர்களை, தொகுத்துப் பார்த்தது. பயிற்சி செய்தவர்களுக்கு அன்றாட வேலை செய்யும் திறன் ஓரளவு கூடியது, வலியும் குறைந்தது. அற்புதம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. 2008 இல் வெளிவந்த அதன் முந்தைய தொகுப்பு, வீட்டில் தனியே செய்வதைவிடக் குழுவாக, இயன்மருத்துவரின் மேற்பார்வையில் செய்வது கூடுதல் பயன் தருவதாகக் காட்டியது.

பொதுவாகச் சொல்லித்தரப்படும் பயிற்சிகள் பணம் கேட்பவையல்ல:

- தினமும் 15 முதல் 20 நிமிடம் குப்புறப் படுத்திருத்தல்.
- குதி, புட்டம், தோள், தலை சுவரில் படுமாறு நேராக நிற்றல்.
- நெஞ்சு விரிய ஆழ மூச்செடுத்தல். விலா மூட்டுகளும் இறுகக்கூடும் என்பதால் இதைத் தவறவிடக் கூடாது.
- கழுத்து, இடுப்பு, தொடைத் தசைகளை மெதுவாக நீட்டுதல்.
- நடத்தல், வசதியிருந்தால் நீந்துதல்.

காலை விறைப்பு இளகிய பிறகு தொடங்குங்கள். தலையணை மெல்லியதாக இருக்கட்டும். புகைத்தல் இந்த நோயை மோசமாக்கும்.

கவனிக்க வேண்டியவை

ஒட்டிப்போன முள்ளந்தண்டு சிறிய விழுகையிலேயே முறியக்கூடும். ஆகவே கழுத்தையோ முதுகையோ முறுக்கி நெட்டி எடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். செயற்கைக் கால் பொருத்தியவர்களும் பழைய முதுகுக் காயம் உள்ளவர்களும் பயிற்சியைத் தங்களுக்கேற்ப மாற்றித்தருமாறு இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆரம்பகால நோய் எக்ஸ்றேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் தெரியலாம். ஆனால் அந்த இயந்திரம் மிக வலுவான காந்தம். உடலில் செல் துண்டோ குண்டுச் சிதறலோ இருந்தால், இருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தாலும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறிப்பாகக் கண், மூளை, முள்ளந்தண்டு, இரத்தக்குழாய்களுக்கு அருகில் இருந்தால் ஆபத்து.

பயிற்சி மருந்துக்கு மாற்று அல்ல. அழற்சியைக் குறைக்கும் வலிமாத்திரைகளே முதல் மருந்து. ஆனால் வைத்திய ஆலோசனையின்றி வருடக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். அவை போதாதபோது உயிரியல் மருந்து ஊசிகள் உண்டு. அவற்றைத் தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். காய்ச்சலும் உடல்மெலிவும் சேர்ந்த முதுகுவலி என்றால், முள்ளந்தண்டுக் காசநோயாகவும் இருக்கலாம். அதற்குப் பயிற்சி தொடங்காமல் உடனே வைத்தியரைக் காணவேண்டும்.

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். வெளிநோயாளர் பிரிவில் "முதுகுவலி" என்று மட்டும் சொல்லி வந்துவிடாதீர்கள். எத்தனை மாதமாக, எந்த நேரத்தில், ஓய்வெடுத்தால் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லுங்கள். வாதநோய் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.