மண்டகப்பட்டுப் பாறையும் அதிகைக் குணபரவீச்சரமும்

சைவம் புகுந்த பல்லவ மன்னன், இன்றைய கடலூரிலிருந்த பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தப் பொருள்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறது பெரியபுராணம். மன்னனைச் சேக்கிழார் காடவன் என்றே சுட்டுகிறார். 'குணபரன்' என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர் என்பதைத் திருச்சிக் கல்வெட்டு காட்டுகிறது. ஐந்து நூற்றாண்டு பிந்திய நூல் என்பதால் இச்செய்தியை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் பாறையைக் குடைந்து பெயர் பெற்ற வேந்தன் இங்கே மட்டும் இடித்த கட்டடத்தின் பொருளை ஏன் நாடினான் என்பது தனியே ஆராயத்தக்கது.

காரணம் நிலவமைப்பு என்பது என் கருத்து. அதிகை அமைந்த, பண்ருட்டியை ஒட்டி ஓடும் கெடிலக் கரை வண்டல். சுற்றிலும் பலாவும் முந்திரியும் செழிக்கும் செம்மண். தெற்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடப்பது கடலூர் மணற்கல் அடுக்கு. குடைவரைக்கு ஏற்ற கருங்கற் பாறையைக் காண விழுப்புரம் தாண்டிச் செஞ்சிப் பக்கம் போகவேண்டும்.

அங்கேதான் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் கோயில் அமைத்ததாக 'விசித்திரசித்தன்' என்ற விருதுப்பெயரில் மகேந்திரன் அங்கே கல்லில் எழுதிவைத்தான். இன்று பின்சுவரின் மூன்று கருவறைகளும் வெறுமையாக உள்ளன. முகப்பின் இரு கோடியிலும் வாயிற்காவலர் சிற்பங்கள் மட்டும் நிற்கின்றன. பல்லவக் கற்சிற்பத்தின் தொடக்கநிலையை நேரில் காண இவற்றைவிடப் பொருத்தமானவை அரிது. அந்தக் கல்வெட்டைப் பலரும் தமிழகக் கற்கோயிலின் பிறப்புச் சான்றாகவே படிக்கிறார்கள். விலக்கிய பொருள்களைப் பெயர் சொல்லி அடுக்குவதால், அவற்றால் எழுந்த கோயில்களே அன்று வழக்கம் என்பதற்கும் அது சான்று. அதிகையில் மகேந்திரன் அந்த வழக்கத்துக்குத் திரும்பினான். வேறு வழியும் இல்லை.

திருச்சி மலையில் அவன் நிலை வேறு. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவன் பாறையிலேயே உருவானான். ஆறுகளை விரும்பும் சிவன் காவிரியிடம் மயங்கிவிடுவானோ என்று அஞ்சி, உமை தந்தை வீட்டை விட்டு அம்மலையில் வந்து தங்கினாள் என்ற கற்பனை அதன் கல்வெட்டில் உண்டு. பொதுப் புராணத்தைக் கண்முன் ஓடும் ஆற்றோடு பிணைத்த நயம் அது.

அதிகையின் புராணமோ திரிபுர எரிப்பு. பொன், வெள்ளி, இரும்புக் கோட்டைகள் மூன்று. பூமியே தேர், ஞாயிறும் திங்களும் சக்கரங்கள், மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. இத்தனை ஆயத்தத்துக்குப் பிறகு சிவன் சிரித்த சிரிப்பிலேயே கோட்டைகள் எரிந்தன என்பது தமிழ்ச் சைவர் மிகவும் விரும்பிய முடிவு. புறநானூற்றிலேயே இடம்பெற்ற கதை இது, பல்லவன் கொண்டுவந்ததல்ல. எட்டு வீரட்டங்களுள் ஒன்றாக அதிகையை நிலைநிறுத்தியது சிற்பியின் உளியன்று, சூலை தீர்ந்த அப்பரின் பதிகங்கள்.

வீரட்டானேசுவரர் கருவறையிலுள்ள பதினாறு பட்டை லிங்கத்தை மகேந்திரன் காலத்ததாகச் சொல்வதில் எச்சரிக்கை தேவை. பட்டை லிங்கம் ஒரு நூற்றாண்டு பிந்திய இராசசிம்மன் கோயில்களின் மரபு. எனவே குணபரவீச்சரத்தை வீரட்டானத்திலிருந்து பிரித்தே தேடவேண்டும். பாடலிபுத்திரத்து இடிப்பு நடந்தது என்று உறுதிசெய்ய இந்த வாதம் போதாது. கல்லில்லா ஊரில் பழைய கட்டடப் பொருளுக்கு இருந்த மதிப்பைச் சேக்கிழார் அறிந்திருந்தார் என்ற அளவுக்கே அது செல்லும்.