மதுரைக் கதைகளில் வீரநாயகியரின் வலிமையிழப்பு

மதுரையைக் களமாகக் கொண்ட பழங்கதைகள் சிலவற்றில், போரில் எவராலும் வெல்லப்படாத அரசி ஒருத்தி திருமணத்தை ஒட்டித் தன் வலிமையை இழக்கிறாள். தடாதகைப் பிராட்டியார் கதையும் அல்லி அரசாணி கதையும் இவற்றுள் முதன்மையானவை. முன்னது தலபுராணத்தின் வழியாகவும் கோயில் விழாவின் வழியாகவும் பரவியது. பின்னது கதைப்பாடல், மலிவு விலை அச்சுநூல், நாடகம் ஆகியவற்றின் வழியாக மக்களிடம் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வரைகதைகளில் (காமிக்ஸ்) பேராற்றல் படைத்த கதாநாயகியர் நடத்தப்பட்ட விதத்துடன் இக்கதைகளை ஒப்பிட இடமுண்டு. இரண்டிலும் பெரும்பாலும் பகைவன் நாயகியைப் போர்க்களத்தில் வெல்வதில்லை. அவளது வலிமை காதலின் பெயராலோ சூழ்ச்சியாலோ நீங்குகிறது.

தடாதகைப் பிராட்டியார்

பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தில் தடாதகையின் பிறப்பும் திருமணமும் அடுத்தடுத்த இரு படலங்களில் கூறப்படுகின்றன. மக்கட்பேறு இல்லாத மலயத்துவச பாண்டியனும் அவன் தேவி காஞ்சனமாலையும் செய்த வேள்வித் தீயிலிருந்து மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தோன்றுகிறாள். அவளுக்கு மூன்று மார்புகள் உள்ளன. அரசன் வருந்துகிறான். இவளை மகனைப் போலவே வளர்த்து முடிசூட்டுக என்றும், தனக்குரிய கணவனை இவள் காணும்போது ஒரு மார்பு மறைந்துவிடும் என்றும் வானொலி கூறுகிறது.

ஆண்பிள்ளைக்குரிய கல்வியும் படைக்கலப் பயிற்சியும் தடாதகைக்கு அளிக்கப்படுகின்றன. தந்தைக்குப் பின் முடிசூடி, திக்கு விசயம் புறப்படுகிறாள். மண்ணுலக அரசர்களை வென்று, இந்திரனையும் திசைக் காவலர்களையும் பணியவைத்து, இறுதியில் கயிலையை அடைகிறாள். அங்கு சிவகணங்களும் அவளை எதிர்த்து நிற்க இயலாமல் தோற்கின்றன. பின்னர் சிவபெருமான் எதிரே வருகிறார். அவரைக் கண்ட அக்கணமே மூன்றாவது மார்பு மறைகிறது. வில்லேந்தி வந்தவள் நாணித் தலைகுனிந்து நிற்கிறாள். இவரே உன் கணவர் என்று அமைச்சன் சுமதி எடுத்துரைக்கிறான். மதுரையில் திருமணம் நிகழ, சிவபெருமான் சுந்தர பாண்டியனாக அரியணை ஏறுகிறார்.

இங்கு சண்டை நடக்கவே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. உலகம் முழுவதையும் வென்ற ஒருத்தியைத் தோற்கடிக்கும் பொறுப்பைக் கதை எந்த ஆணிடமும் ஒப்படைக்கவில்லை. அவளது உடலே அவளை மாற்றிவிடுகிறது. சைவ மரபு இதனைத் தோல்வியாகக் கருதுவதில்லை. சத்தி தன் சிவத்தை அடையாளம் கண்ட நிலையாகவே அது கொள்ளப்படுகிறது. எனினும் அரசியல் நோக்கில் விளைவு ஒன்றுதான்: செங்கோல் கைமாறுகிறது.

இதே நகரின் மற்றொரு கதை இதற்கு நேர் எதிராக அமைந்திருப்பது வியப்புக்குரியது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்தபோதுதான் அவளது ஆற்றல் வெளிப்பட்டு மதுரையை எரிக்கிறது. தடாதகை காதலனைக் கண்டு மார்பொன்றை இழந்து அடங்குகிறாள். கண்ணகி கணவனை இழந்த பின் மார்பொன்றைத் தானே நீக்கிச் சீறி எழுகிறாள்.

பாண்டிய நாட்டைப் பெண் ஆண்டாள் என்ற செய்தி மிகப் பழையது. மெகசுதனிசின் குறிப்புகளை வைத்து எழுதிய கிரேக்க ஆசிரியர் அரியான், எராக்கிளிசின் மகள் பண்டையா ஆண்ட நாடு ஒன்றைக் குறிப்பிடுகிறார். தந்தை அவளுக்கு 500 யானைகளையும் 4,000 குதிரை வீரர்களையும் 1,30,000 காலாட்களையும் அளித்ததாகவும் கூறுகிறார். இதற்கும் தடாதகைக்கும் உறவு உண்டெனச் சிலர் கருதுவர். அது ஊகமே.

விழாவில் திரும்பும் செங்கோல்

நூலில் ஒருமுறை இழந்த ஆட்சியை மதுரை ஆண்டுதோறும் மீனாட்சிக்குத் திரும்ப அளிக்கிறது. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் அம்மனுக்கு வேப்பம்பூ மாலை சூட்டி, முடியும் செங்கோலும் அளித்துப் பட்டாபிசேகம் செய்யப்படுகிறது. ஒன்பதாம் நாள் மாசி வீதிகளில் திக்கு விசயம் நடைபெறுகிறது. பத்தாம் நாள் திருக்கல்யாணம். ஆக, புராணத்தின் நிகழ்ச்சி வரிசையே மூன்று நாட்களில் நடித்துக் காட்டப்படுகிறது. ஆனால் திருமணம் முடிந்தவுடன் செங்கோல் கைமாறுவதில்லை. சித்திரை முதல் ஆவணி வரை நான்கு மாதங்கள் மதுரையில் மீனாட்சியின் ஆட்சி என்பது நம்பிக்கை. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்கு முடிசூட்டப்பட்ட பின்னரே எஞ்சிய எட்டு மாதங்கள் அவருடையவை ஆகின்றன. மதுரைக் கோயிலில் வழிபாட்டில் அம்மனுக்கே முதலிடம். சிதம்பரம் ஆட்சி, மதுரை ஆட்சி என்று வீடுகளில் கேலியாகப் பேசப்படுவதும் இதனை ஒட்டியதே. மனைவி சொல் எடுபடும் வீடு மதுரை ஆட்சி எனப்படும்.

திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுமண்டபத்தில் மூன்று மார்புகளுடன் கூடிய தடாதகையின் சிற்பம் உள்ளது. தூணில் அவள் இன்னும் கயிலைக்குச் சென்று சேரவில்லை எனலாம். இம்மண்டபம் நெடுங்காலம் தையற்கடைகளும் புத்தகக் கடைகளும் நிறைந்த சந்தையாக விளங்கியது. 2020களில் அக்கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன.

அல்லி அரசாணி

அல்லி அரசாணி மாலை என்னும் கதைப்பாடல் புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிறது. நளவெண்பா பாடிய புகழேந்தியே இதனையும் பாடினார் என்பதை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. நடையும் மொழியும் பிற்காலத்தவை. ஆனால் அதைப் பற்றி வழங்கும் கதை சுவையானது. ஒட்டக்கூத்தரால் சிறைப்பட்ட புகழேந்தி, தண்ணீர் எடுக்க அவ்வழியே வந்த பெண்களுக்காக இத்தகைய பாடல்களைப் பாடினார் என்பர். அதாவது, இவை பெண்கள் கேட்பதற்கெனப் பிறந்தவை என்றே மரபு நினைவில் வைத்திருக்கிறது. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் சென்னை இரத்தின நாயகர் போன்ற பதிப்பகத்தார் இவற்றைப் 'பெரிய எழுத்து' நூல்களாக வெளியிட்டனர். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் உதவும் பெரிய அச்சு, மலிவான தாள், குறைந்த விலை ஆகியவை இவற்றின் இயல்புகள். வரைகதைகள் வரும் முன்பு தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அவற்றின் இடத்தை நிரப்பியவை இந்நூல்களே என்றால் மிகையாகாது.

கதைப்படி, பிள்ளையில்லாத பாண்டியனுக்கு அல்லி மலரில் கிடைத்த குழந்தை அல்லி. அவள் கல்வியும் போர்க்கலையும் பயின்று, நாட்டைக் கவர்ந்திருந்த நீன்முகனை வென்று மதுரையில் முடிசூடுகிறாள். பெண்களே சூழ்ந்த அரண்மனையில், ஆண்களை அண்டவிடாமல், திருமணம் வேண்டாம் என்று ஆள்கிறாள். அவளைப் பற்றி அறிந்த அருச்சுனன் அவளை அடைய விரும்புகிறான். நேர்வழியில் இயலாது என்று கண்டு கண்ணனின் உதவியை நாடுகிறான். கண்ணன் பாம்பாட்டியாகவும் அருச்சுனன் பாம்பாகவும் வேடம் கொண்டு அரண்மனைக்குள் நுழைகின்றனர். பாம்பின் ஆட்டத்தில் மயங்கிய அல்லி அதனைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறாள். இரவில் அவள் உறங்கும்போது அருச்சுனன் அவளுக்குத் தாலி கட்டிவிடுகிறான்.

விழித்தெழுந்து கழுத்தில் தாலியைக் கண்ட அல்லி சினந்து போருக்கு எழுகிறாள். இதன் பின்னர் நிகழ்வனவற்றைப் பதிப்புகளும் நாடகங்களும் வெவ்வேறு வகையில் விரிக்கின்றன. எல்லாவற்றிலும் முடிவு ஒன்றே. அல்லி அருச்சுனனின் மனைவியருள் ஒருத்தியாகிப் புலந்திரன் என்னும் மகனைப் பெறுகிறாள்.

கதையில் அல்லியின் தோள்வலிமை எங்கும் குறையவில்லை. அவள் தோற்பது தாலிக்கு மட்டுமே. கட்டியவன் யார், எப்படிக் கட்டினான், அவள் இசைந்தாளா என்ற கேள்விகளை எல்லாம் கட்டப்பட்ட தாலி ஒன்றே அடைத்துவிடுகிறது. உறக்கத்தில் நிகழ்ந்ததை இன்றைய வாசகர் குற்றம் என்றே சொல்வர். பழைய கதைசொல்லி அதனை மாயனின் குறும்பாகச் சொல்லிச் செல்கிறார். ஆனாலும் விழித்தெழுந்த அல்லியின் சினத்தைக் கதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பாரதத்தில் இல்லாத சூழ்ச்சி

அல்லி என்ற பெயர் வியாச பாரதத்தில் இல்லை. அங்கு வரும் சித்திராங்கதையின் நாட்டார் வடிவமே அல்லி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பாரதத்தின் தென்னாட்டுப் பாடத்திலும் வில்லிபாரதத்திலும் சித்திராங்கதை பாண்டியன் மகளாவாள். மூல நூலில் அருச்சுனன் வேடமிட்டு வரவில்லை. தந்தையிடம் நேரில் பெண் கேட்கிறான். பிறக்கும் மகன் தாய்வீட்டு அரசுக்கே உரியவன் என்ற நிபந்தனையை ஏற்று மணக்கிறான். சித்திராங்கதையும் அங்கு வாளேந்தி ஆண்ட அரசியாகக் காட்டப்படவில்லை. கதைப்பாடல்தான் அவளை அரசியாக்கி, படைத்தலைவியாக்கி, பின்னர் அவளை வீழ்த்த ஒரு சூழ்ச்சியையும் படைத்திருக்கிறது. வலிமை கூடக்கூட அதனைக் கழற்றுவதற்கான தந்திரமும் கூடுகிறது.

இதே கதையை இரவீந்திரநாத் தாகூர் வேறு வழியில் கொண்டுசென்றார். 1892இல் வெளியான அவரது சித்திராங்கதா நாடகத்தில், வீராங்கனையான நாயகி அருச்சுனனுக்காக ஓராண்டுக்கு அழகை வரமாகப் பெறுகிறாள். பின்னர் அந்தப் போலி அழகை விடுத்துத் தன் உண்மை உருவிலேயே அவன் முன் நிற்கிறாள். 1936இல் தாகூர் இதனை நாட்டிய நாடகமாக்கினார்.

நாடகமும் சொல்வழக்கும்

சங்கரதாசு சுவாமிகள் (1867-1922) அல்லி அருச்சுனா, பவளக்கொடி ஆகிய நாடகங்களை எழுதினார். மதுரையில் அவர் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களின் கோயில் விழாக்களில் விடிய விடிய நடைபெறும் இசை நாடகங்கள் அவர் வகுத்த வழியில் வந்தவை. பவளக்கொடி கதையில் அல்லி மேலும் சிறுத்துவிடுகிறாள். மகன் புலந்திரன் விரும்பிய பவளத்தேருக்காகச் சென்ற அருச்சுனன் அங்கு பவளக்கொடியை மணக்க, நாடாண்டவள் சக்களத்திச் சண்டை போடுபவளாக நிற்கிறாள். இக்கதை 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமானது. எம். கே. தியாகராச பாகவதரின் முதற்படம் இதுவே.

அல்லியின் பெயர் தமிழில் பழிப்புச் சொல்லாகவும் நிலைத்துவிட்டது. பெண் அதிகாரம் செலுத்தும் வீட்டையோ அலுவலகத்தையோ 'அல்லி இராச்சியம்', 'அல்லி தர்பார்' என்பர். நீன்முகனை வென்று நாட்டை மீட்டது இச்சொல்லில் எஞ்சவில்லை.

அமெரிக்க வரைகதைகளுடன் ஒப்பீடு

வில்லியம் மார்சுடன் உருவாக்கிய வொண்டர் வுமன் 1941இல் அறிமுகமானார். ஆண் ஒருவர் அவரது கைக்காப்புகளில் சங்கிலியைப் பிணைத்தால் வலிமை போய்விடும் என்ற விதியும் அவருக்கு இருந்தது. 1942இல் வீரர்கள் சங்கம் ஒன்றில் சேர்க்கப்பட்டபோது அவருக்குக் கிடைத்த பொறுப்பு செயலாளர் வேலை! மற்றவர்கள் போருக்குச் செல்ல அவர் பெரும்பாலும் தங்கிவிடுவார். 1968இல் காதலர் வாழும் உலகிலேயே தானும் தங்குவதற்காகத் தன் ஆற்றல்கள் அனைத்தையும் அவரே துறப்பதாகக் கதை மாற்றப்பட்டது. அதன்பின் அவர் துணிக்கடை நடத்தினார். 1972இல் பெண்ணிய இதழான மிசு, பழைய உடையிலேயே அவரை அட்டையில் வெளியிட்டது. 1973இல் ஆற்றல்கள் திரும்ப அளிக்கப்பட்டன. தானே துறத்தல், பின்னர் மீளப்பெறுதல் என்ற இவ்வமைப்பு தடாதகை கதையையும் சித்திரை விழாவையும் நினைவூட்டுகிறது.

அல்லி கதைக்கு நெருக்கமானது 1980இல் வெளிவந்த அவெஞ்சர்சு 200ஆம் இதழ். அதில் மிசு மார்வெல் என்னும் நாயகியின் மனத்தைக் கருவியால் மயக்கி ஒருவன் அடைகிறான். அவள் அவனுடனேயே செல்ல, தோழர்களான வீரர்கள் வாழ்த்தி வழியனுப்புகின்றனர். வாசகரிடையே இது கண்டனத்துக்கு உள்ளானது. மறு ஆண்டே கிறிசு கிளேர்மான்ட் எழுதிய கதையில், திரும்பி வந்த நாயகி தன் தோழர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறாள். அல்லிக்கு அவ்வாறு கேட்க வாய்த்த பதிப்பு எதுவும் பெரிய எழுத்தில் வரவில்லை.

வேறு சிலருக்குத் தொடக்கத்திலேயே ஆற்றல் அளந்து கொடுக்கப்பட்டது. 1961இல் வந்த இன்விசிபிள் கேர்ள் முதலில் மறைய மட்டுமே அறிந்தவர். காப்புத்திரை எழுப்பும் ஆற்றல் அவருக்கு 1964இல்தான் வந்தது. 'கேர்ள்' என்பது 'வுமன்' ஆக 1985 வரை காத்திருக்க நேர்ந்தது. பெண் பாத்திரங்கள் இவ்வாறு கொல்லப்படுவதையும் வலிமை பறிக்கப்படுவதையும் 1999இல் கெயில் சிமோன் பட்டியலிட்டுக் காட்டிய பின்னர் இது பரவலான விவாதப் பொருளாயிற்று.

தமிழில் வரைகதைகளை நிலைநிறுத்தியது மதுரைக்குத் தெற்கேயுள்ள சிவகாசி. அங்கு 1972இல் முத்து காமிக்சு இரும்புக்கை மாயாவியுடன் தொடங்கியது. 1984இல் தொடங்கிய லயன் காமிக்சு தன் முதல் இதழுக்குத் தேர்ந்தது ஒரு பெண்ணை. 'கத்தி முனையில் மாடஸ்டி' என்ற அவ்விதழின் நாயகி, பீட்டர் ஓ'டோனல் 1963இல் படைத்த மாடஸ்டி பிளைசி. அவருக்கு மாய ஆற்றல் ஏதுமில்லை. பயிற்சியும் அறிவுமே துணை. கூட்டாளி வில்லி கார்வின் அவரை 'இளவரசி' என்றே அழைப்பார். அத்தொடர் முடிந்த 2001 வரை அவ்விருவரும் காதலராகவில்லை.