தோட்டாவில் இருந்து குண்டைக் கழற்றும் 'புல்லர்': சுத்தியலா, காலெட்டா... எது யாருக்கு?

அமெரிக்காவில் பலர் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி தயாரிக்கிறார்கள். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டில் புது பிரைமர், மருந்து, குண்டு வைத்தால் தோட்டா ரெடி. சொந்த உபயோகத்துக்கு அங்கே மத்திய அரசு லைசென்ஸ் கேட்பதில்லை. (நம்மூரில் கதையே வேற. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

இதில் பெரிய ஆபத்து, ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுவது. 9 மி.மீ. கூட்டில் சில வேகமான மருந்துகள் பாதி இடத்தைக்கூட நிரப்பாது. அதனால் இரட்டிப்பாக விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கும் தப்பிவிடும். சுட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

எடை போட்டுப் பார்த்தால் தெரியாதா? நம்ப முடியாது. கூடும் குண்டும் ஒவ்வொன்றும் கொஞ்சம் எடை மாறும், மருந்தின் வித்தியாசம் அதிலேயே மறைந்துவிடும். சந்தேகம் என்றால் பிரிப்பதுதான் வழி.

சுத்தியல் புல்லர்

தலைப்பகுதி உள்ளீடற்ற பிளாஸ்டிக். தோட்டாவை அதில் மாட்டி, கெட்டியான கட்டையில் ஓங்கி அடிக்க வேண்டும். கூடு நின்றுவிடும், குண்டு மட்டும் வேகம் தாங்காமல் கழன்று விழும். விலை குறைவு, பல அளவுகளுக்கும் ஒரே கருவி போதும். ஆனால் ஒரே சத்தம். மருந்தும் குண்டும் கலந்து விழும். பத்து தோட்டாவுக்கு ஓகே, நூறு என்றால் கை போய்விடும்!

.22 ரிம்ஃபயர் தோட்டாவை இதில் போடவே கூடாது. தீப்பற்றும் ரசாயனம் அதன் விளிம்பிலேயே இருக்கிறது. கருவியோடு வரும் பிடிப்புக்குப் பதிலாக, பிரஸ்ஸில் மாட்டும் ஷெல் ஹோல்டரை வைத்து அடிப்பதும் வேண்டாம். கண்ணாடி அணிவது கட்டாயம்.

காலெட் புல்லர்

இது ரீலோடிங் பிரஸ்ஸில் மாட்டுவது. குண்டை இறுக்கிப் பிடித்து, கூட்டைக் கீழே இழுக்கும். மருந்து சிந்தாது, வேலையும் வேகம். ஒவ்வொரு விட்டத்துக்கும் தனி காலெட் வாங்கணும் என்பதுதான் செலவு. .308 போன்ற நீளமான ரைஃபிள் குண்டுக்கு அருமை. கைத்துப்பாக்கியின் குட்டைக் குண்டில் பிடிக்க இடம் போதாது. மென்மையான ஈயக் குண்டு வழுக்கும், நசுங்கும்.

ஆக, கைத்துப்பாக்கித் தோட்டா மட்டும் என்றால் சுத்தியலே போதும். ரைஃபிள் தோட்டா நிறைய என்றால் காலெட்டுக்குக் காசு போடலாம். குண்டு அசையவே இல்லையா? சீட்டிங் டையால் லேசாக உள்ளே தள்ளினால் பிடி விடும், பிறகு இழுப்பது சுலபம்.

பிரித்தபின் கூட்டில் பிரைமர் உயிரோடுதான் இருக்கும். எந்த மருந்து என்று தெரியாவிட்டால், அதை டப்பாவில் திரும்பக் கொட்டக் கூடாது.