வெயின் கவுண்டி தரும் பாடம்

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ரோயிட் மாநகரை உள்ளடக்கிய நிர்வாகப் பிரிவே வெயின் கவுண்டி. மோட்டார் வாகனத் தொழிலும் தொழிற்சங்கங்களும் வேரூன்றிய இப்பிரதேசம், 1928இல் ஹூவரை ஆதரித்த பின்னர் எந்தவொரு ஜனாதிபதித் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கு வெற்றியளித்ததில்லை. நாடு நிக்ஸனின் பக்கம் சாய்ந்த 1972இலும், ரீகனின் பக்கம் சாய்ந்த 1984இலும் அது ஜனநாயகக் கட்சியைக் கைவிடவில்லை.

எனினும், மாநிலம் முழுவதிலும் கூடிய வாக்குகளைப் பெறுபவருக்கே மிச்சிகனின் தேர்தல் கல்லூரி வாக்குகள் அனைத்தும் கிடைக்கின்றன. ஆகையால் இங்கு கிடைக்கும் மேலதிக வாக்குகளின் தொகையே முக்கியமாகின்றது. 2016இல் ஹிலாரி கிளின்டன் இக்கவுண்டியை வென்றபோதும், 2012இல் ஒபாமா பெற்றதைவிடச் சுமார் 76,000 வாக்குகள் குறைவாகவே பெற்றார். மாநிலத்தை ட்ரம்ப் 10,704 வாக்குகளால் கைப்பற்றினார்.

காஸா யுத்தத்தில் பைடன் நிர்வாகம் இஸ்ரேலுக்கு வழங்கிய ஆதரவு, இக்கவுண்டியில் அரபு வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் டியர்போர்ன் நகரைக் கொதிப்படையச் செய்தது. 2020இல் பைடனைப் பெருவாரியாக ஆதரித்த அந்நகரில், 2024இல் ட்ரம்ப் முதலிடம் பெற்றார். கமலா ஹரிஸ் கவுண்டியை வென்றார். மாநிலத்தைச் சுமார் 80,000 வாக்குகளால் இழந்தார்.

ஒரு சமூகத்தின் வாக்குகளைத் தமது நிரந்தர உரித்தாகக் கருதும் கட்சிகளுக்கு இது தக்க எச்சரிக்கையென நாம் கருதுகின்றோம்.