பெரட்டில் பெயர் இல்லாதவர்கள்



விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் நின்று, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்த நாள்களை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. வராதவரைப் பற்றி ஒரு விசாரணை. தோட்டத்து மக்களின் உடல்நிலையை நிர்வாகம் நெடுங்காலம் அறிந்து வந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான். எத்தனை பேர் வேலைக்கு வரவில்லை என்பதே அங்குக் கேள்வி. வேலைக்கே போகாத கிழவிக்கும், பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்கும், ஆயாக் கொட்டகையில் கிடக்கும் குழந்தைக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. கொள்ளை நோய் வரும் காலத்தில் இது எவ்வளவு பெரிய குறையாகிறது என்பதையே இன்று பேச எண்ணுகிறேன்.

1909-ஆம் ஆண்டு கெடா மாநிலம் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரிடம் மாறியது. அதையொட்டி ரப்பர் விலையும் ஏறவே, கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் காடுகள் வேகமாக வெட்டப்பட்டன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பினாங்கில் இறங்கினர். கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ கண்டால் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டனர். ஜெரெஜாக்கைத் தாண்டி வந்தவர்களும் தோட்டத்துக் குளிர்காய்ச்சலுக்குத் தப்பவில்லை. அதுதான் மலேரியா.

இந்தக் காய்ச்சலை அளந்த முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901-இல் கிள்ளானுக்கு அரசாங்க வேலையாக வந்தவர். பின்னர் தோட்டங்களிலும் பணிபுரிந்தார். மருத்துவமனைப் பதிவேட்டோடு அவர் நின்றுவிடவில்லை. லயங்களுக்குச் சென்று பிள்ளைகளைப் பரிசோதித்தார். இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மெல்ல அழுத்திப் பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. திரும்பத் திரும்ப மலேரியா கண்ட பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். அது கைக்குத் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்று கணக்கிட்டால் அந்த இடத்தில் நோயின் வேகம் தெரிந்துவிடும்.

பிள்ளைகளை ஏன் பார்த்தார்? பெரியவர் வேறொரு தோட்டத்தில் பிடித்த காய்ச்சலைச் சுமந்து வந்திருக்கலாம். லயத்தில் பிறந்து வளர்ந்த சிறு பிள்ளை எங்கும் போனதில்லை. ஆகையால் பிள்ளையின் வயிறு அந்த இடத்தைப் பற்றி உண்மை சொல்லும். சம்பளக் கணக்கில் ஒரு காசுக்கும் மதிப்பில்லாத குழந்தைகள் மருத்துவருக்கு முதல் சாட்சியாயினர். ஆசிரியத் தொழிலில் இருப்பதனாலோ என்னவோ, இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும்.

இவ்வாறு ஆராய்ந்ததில் ஒரு வியப்பான உண்மை வெளிப்பட்டது. காட்டை வெட்டினால் காய்ச்சல் ஒழியும் என்பது கடலோரச் சமநிலத்தில் மெய்யாயிற்று, குன்றுப்புறத்தில் பொய்யாயிற்று. குன்றுகளில் காய்ச்சல் பரப்பும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. மரங்களை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டினால் அக்கொசு பெருகத்தானே செய்யும்? எனவே ஓடைநீரை நிலத்தடிக் குழாயில் விடுவதும், வாய்க்கால்களில் எண்ணெய் தெளிப்பதும் வழக்கமாயின. கொய்னா மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் நோயின் ஊற்று அடைபட்டிருக்காது.

ஆனால் 1918-இல் வந்த இன்புளுவென்சாவுக்கு இத்தகைய அளவுகோல் எதுவும் இல்லை. உலகப்போரின் இறுதியில் அது நாடு நாடாகப் பரவிற்று. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயாவில் அவ்வாண்டின் பிற்பகுதியில் கொடுமையாகத் தாக்கியது. தோட்டத் தொழிலாளரிடையே சாவு மிகுதி. கிழவரையும் குழந்தையையும் மட்டுமன்றி, இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள்ளான திடகாத்திரமானவர்களையும் அது வீழ்த்தியது. பால் மரம் வெட்டும் வயதே அது. கர்ப்பிணிகளுக்குப் பேராபத்து. நோய்க்கிருமி இன்னதென்றே அப்போது தெரியாது. மனிதரிடம் அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1933-இல்தான். பெனிசிலினும் அன்று கிடையாது.

பிறகு எதுதான் உயிரைக் காத்தது? கஞ்சி, வெந்நீர், ஓய்வு, பக்கத்தில் ஓர் ஆள். பத்து வீட்டு லயத்தில் பத்து வீட்டாரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் அடுப்பு மூட்டுவது யார்? என் எண்ணத்தில், அன்றைய தோட்டத்தின் முதல் தேவை மருந்தைவிட, வீடு வீடாகப் போய்க் கஞ்சி ஊற்றும் நாலு கைகள்தாம். பெரட்டுப் பட்டியலைப் புரட்டினால் இது தெரியாது. லயத்து வாசலில் நின்றால் தெரியும்.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை திருந்தியது. நாம் ‘டிரசர்’ என்றழைத்த தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்கு 1965-இல் பதிவுச் சட்டம் வந்தது. 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1990-இல் தொழிலாளர் குடியிருப்புக்கும் வசதிகளுக்குமான குறைந்தபட்சத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. இதற்கிடையே ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, நம்மவர் பலர் சுங்கைப் பட்டாணிப் பக்கம் குடிபெயர்ந்தனர். டிரசரின் அறை பல இடங்களில் பூட்டிக் கிடந்தது.

அப்படியிருக்கையில் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் கெடாவில் கண்ட ஒரு தொற்றுத் திரளுக்குச் ‘சிவகங்கை’ என்று பெயரிட்டார்கள். நம் பாட்டன் ஊரின் பெயர் செய்தியில் அப்படி அடிபட்டதும், லயத்தில் இருமுகிறவர்கூட இருமலை மறைத்ததை நான் கண்டேன். வெட்கம் வந்த இடத்தில் கணக்கு பொய்யாகிவிடுகிறது.

பள்ளி மூடியிருந்தபோது பயிற்சித் தாள்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நான் போனது பாடத்துக்காக, கண்டது வேறு. ஒரு வீட்டில் தாத்தாவின் இனிப்புநீர் மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது; நகர மருத்துவமனைக்குப் போகப் பேருந்து இல்லை. மற்றொரு வீட்டில் கைப்பேசி ஒன்று, பிள்ளைகள் மூவர். அடுத்த லயத்து வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் நான் சட்டைப்பையில் கைவிட்டாலே உள்ளே போய்விடுவார்கள். அதன் பின்னர் பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் நான்கு கேள்விகள் எழுதினேன்: வீட்டில் எத்தனை பேர், யாருக்கு நெடுநாள் நோய், மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, அவசரத்துக்கு வண்டி யாரிடம் உண்டு. பிள்ளைகளே கேட்டு எழுதி வந்தார்கள்.

2021-இல் தடுப்பூசி வந்தது. குடியுரிமை இல்லாதவர்க்கும் இலவசம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஆயினும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஒரு பாட்டி, “நம்ம பேரு அதுல வராது சார்” என்று சொல்லிக் கதவோரமே நின்றார். பதிவு கைப்பேசியில், அவரிடம் கைப்பேசி இல்லை. அவருடைய பேத்தி, எங்கள் நான்காம் ஆண்டு மாணவி, தாளில் பாட்டியின் பெயரை முதலில் எழுதியிருந்தாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் என் கைப்பேசியில் அவரைப் பதிவு செய்தேன். முதல் ஊசிக்கு அழைப்பு வந்த நாளில், பாட்டி கட்டுப்பெட்டியில் இருந்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கே வாசலில் உட்கார்ந்திருந்தாராம்.