செப்புத் தகட்டில் தஞ்சை

தஞ்சைப் பெரிய கோயிலை ஐரோப்பியர் பலர் முதலில் கண்டது செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்ட படங்களில்தான். அவற்றுள் பெயர் பெற்றவை தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் உருவாக்கியவை. மூன்றாம் மைசூர்ப் போர் ஓய்ந்த 1792இல் இருவரும் சென்னையிலிருந்து தெற்கே பயணப்பட்டு, வழியில் தஞ்சைக் கோயிலையும் ஒற்றைக்கல் நந்தியையும் வரைந்தனர். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியான அவர்களது 144 படங்களின் வரிசையில் இவையும் இடம்பெற்றன.

அக்வாடின்ட் என்ற அந்த முறை பொறுமையைக் கேட்பது. தகட்டின்மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலத்தில் இட்டால் துகள்களுக்கு இடைப்பட்ட செம்பு மட்டும் அரிக்கும். வெளிச்சம் தெரிய வேண்டிய பகுதியை முதலிலேயே வார்னிஷால் மூடிவிடுவார்கள். நிழல் விழும் பகுதி பலமுறை அமிலத்தில் நனையும். அச்சான தாள்களுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது.

தஞ்சை வெறும் காட்சிப்பொருளாக மட்டும் இருந்துவிடவில்லை. 1798இல் அரியணை ஏறிய மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி ஐரோப்பிய நூல்களையும் அச்சுப்படங்களையும் வாங்கிக் குவித்தார். நூல்களில் ஆங்கிலத்தில் கையொப்பமும் இட்டார். அரண்மனையிலேயே அச்சகம் வைத்து, 1806இல் ஈசாப் கதைகளை மராத்தியில் வெளியிட்டார். சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் பார்வையாளரை நிறுத்திவைப்பவை பிரெஞ்சு ஓவியர் சார்லஸ் லெ பிரனின் முக ஒப்பீட்டுப் படங்கள். மனித முகத்துக்கும் விலங்கு முகத்துக்கும் உள்ள சாயலை மூக்கு, புருவம், கண்ணின் சாய்வு எனக் கோடுகோடாகக் காட்டுபவை அவை. பார்ப்பதைத் துல்லியமாக வரைந்து பதிவு செய்யும் பழக்கம் சரபோஜியின் அவையிலும் வேரூன்றியிருந்தது: அவர் காலத்துக் கண்நோய்க் குறிப்பேடுகளில் நோயாளியின் கண் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. மருத்துவ வரலாற்றுக்கு அவை அரிய சொத்து.

1858இல் சென்னை அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைக்கு வந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டுதுண்டாகப் படம் பிடித்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். தூரத்துக் காட்சியாக வரைந்த செப்புத் தகட்டில் அந்த எழுத்துகளுக்கு இடம் இருந்ததில்லை. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது, இந்தியக் கட்டடங்களைப் பதிவு செய்யும் வேலை பெரும்பாலும் கேமராவின் கைக்குப் போயிருந்தது.