விளக்கிலிருந்து வந்த அளவுமானி

மோட்டார் சைக்கிளின் எஞ்சின் எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோலை எரிக்கிறது என்பதை அறிய, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மெக்கானிக்கின் கண்ணும் காதும் மூக்குமே கருவிகளாக இருந்தன. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் பீங்கானின் நிறத்தைப் பார்ப்பார்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி; சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் குறைவு; இளம்பழுப்பு என்றால் சரி. அதற்கேற்பக் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றுவார்கள். ஊசியை ஏற்றி இறக்குவார்கள். நாடி பார்க்கும் வைத்தியரின் கலைக்கு ஒப்பானது இது. கணிப்பு பிழைத்தால் விலையும் உண்டு. பெட்ரோல் குறைந்த கலவையோடு முழு வேகத்தில் ஓடும் எஞ்சினில் பிஸ்டனின் தலையே உருகித் துளைபடக்கூடும்.

இன்று ஆர்வலர் ஒருவர் தம் வீட்டிலேயே, சைலன்சர் குழாயில் ஒரு சென்சாரைப் பொருத்தி, அதே செய்தியை ஒரு சிறு மானியில் எண்ணாக வாசித்துவிடுகிறார். இந்த எண்ணின் வரலாறு மோட்டார் வாகனத்தில் தொடங்கவில்லை. ஒரு விளக்கில் தொடங்குகிறது.

1890களின் இறுதியில் ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் புதுவகை மின்விளக்கு ஒன்றை உருவாக்கினார். சிர்கோனியாவுடன் இட்ரியா போன்ற ஆக்சைடுகளைக் கலந்து செய்த சிறு பீங்கான் குச்சிதான் அதன் இழை. குளிர்ந்திருக்கையில் அது மின்சாரத்தைக் கடத்தாது. சூடேற்றினால் கடத்தி ஒளிரும். பின்னர் வந்த டங்ஸ்டன் இழை விளக்குகள் அதனைச் சந்தையிலிருந்து விரட்டின. விளக்கு அணைந்தது, அதன் தத்துவம் அணையவில்லை. சூடேறிய அப்பீங்கானுக்குள் நகர்பவை ஆக்சிஜன் அயனிகள். இருபுறமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால், அங்கே ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது.

இதற்குப் பயன் தேடித் தந்தது ஒரு சட்டம். 1970ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத் திருத்தங்கள் வாகனப் புகைக்குக் கடும் வரம்பு விதித்தன. புகையிலுள்ள மூவகை நச்சுகளையும் ஒருசேர மாற்றும் வினையூக்கிக்கு, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று என்ற விகிதம் பிசகக் கூடாது. அதனைக் காக்கும் காவலனாக, 1976இல் வோல்வோ கார்களில் போஷ் நிறுவனத்தின் லாம்ப்டா சென்சார் வந்தது. ஒருபுறம் புகை, மறுபுறம் வெளிக்காற்று, நடுவே நெர்ன்ஸ்டின் சிர்கோனியா.

ஆனால் அந்தக் காவலனுக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள்: மிகுதி, குறைவு. எவ்வளவு என்று துல்லியமாய்ச் சொல்லத் தெரியாது. புகையிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்றியோ உட்செலுத்தியோ சமன் செய்து, அதற்குத் தேவைப்பட்ட மின்னோட்டத்தை அளக்கும் 'வைட்பேண்ட்' சென்சார்கள் 1990களில் கார்களுக்கு வந்த பின்னரே அக்குறை தீர்ந்தது. அடுத்த பத்தாண்டில், தனிநபர் வாங்கக்கூடிய விலையில் அவை வீட்டுப் பட்டறைகளை எட்டின.

இங்கேதான் கவனம் வேண்டும். 14.7 என்பது வினையூக்கியின் தேவை. எஞ்சின் எந்நேரமும் விரும்பும் எண் அன்று. முழு ஆற்றலுக்கு 12.5 முதல் 13 வரையிலான கலவை பொருந்தும். சிக்கனப் பயணத்துக்கு 15க்கும் மேலே போகலாம். எதை விரும்புவது என்று மானி சொல்லாது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. சென்சார் அறிவது ஆக்சிஜனையே, பெட்ரோலை அன்று. பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்து ஒரு பொறி தவறினால், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறும். மானியோ 'பெட்ரோல் குறைவு' என்று காட்டும். குழாய் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் இதே பொய். அதை நம்பி மேலும் பெட்ரோலைக் கூட்டுபவர் நோயை வளர்க்கிறார். எஞ்சின் தடுமாறும் ஓசையைக் கேட்டவர், எண்ணை ஐயுற்று முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்.

கருவி வந்ததால் பழைய கலை காலாவதியாகிவிட்டது என்று சொல்வது எளிது. உண்மையில் மானி தருவது சாட்சியம் மட்டுமே. அதனைக் குறுக்கு விசாரணை செய்ய அந்தப் பழைய கண்ணும் காதும் இன்னும் தேவைப்படுகின்றன.